கறை எங்கே என்று படம் சொல்லும், நிறம் என்ன என்று சொல்லாது

கேள்வி இது: "1/48 அளவில் எஃப்4யு-1ஏ கோர்சேர் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானத்தின் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். சாலமன் தீவுகளில் 1943-44ல் எடுத்த நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள் கையில் இருக்கின்றன. ஒன்றில் விமானம் சாம்பல் பூசியதுபோல வெளுத்திருக்கிறது. இன்னொன்றில் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரிகிறது. பெயின்ட் எவ்வளவு உதிர்ந்திருக்க வேண்டும், எவ்வளவு வெளுக்க வைக்க வேண்டும், எந்தப் படத்தை நம்புவது?"

நான்கையும் நம்பலாம், ஆனால் நான்கிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக் கூடாது. ஒரே விமானத்தை ஒரே நாளில் நான்கு பேர் படம் எடுத்திருந்தாலும் இப்படித்தான் நான்கு விதமாக வந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படம் ஒரு கறை எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது, ஓரம் கூர்மையா மங்கலா என்பதையெல்லாம் நன்றாகச் சொல்லும். அந்தக் கறையின் நிறத்தையோ அதன் கீழே உள்ள நீலத்தின் ஆழத்தையோ சொல்லாது. பல வருடங்களாக நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி ஒன்றுதான்: படத்தில் தெரியும் ஒவ்வொரு தடத்தையும் பார்த்து "இதை உண்டாக்கியது எது?" என்று கேட்பேன். காலா, கையா, காற்றா, வெயிலா, எண்ணெயா, புகையா? பதில் கிடைத்தால் மாடலில் தீட்டுவேன். கிடைக்காவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

முதலில் ஃபிலிமைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் கருத்துப்போகும், நீலம் வெளிறிவிடும். பேன்குரோமேட்டிக் ஃபிலிமுக்கு எல்லா நிறங்களும் தெரியும். 1940ல் எடுத்த பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் படங்கள் சிலவற்றில் உடற்பகுதி வட்டச்சின்னத்தின் வெளி வளையம் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும். அது மஞ்சள் வளையம். ஆர்த்தோ ஃபிலிம் அதை அப்படிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதே படத்தில் வட்டத்தின் நீலம் வெளிறி, நடுச் சிவப்பு அதைவிடக் கருத்திருக்கும். ஜெர்மன் விமானங்களின் மஞ்சள் மூக்குக்கும் இதே கதிதான்.

எந்த ஃபிலிம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புரொப்பெல்லர் நுனியைப் பாருங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்களில் இறகு கறுப்பு, நுனி மஞ்சள். நுனி பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தால் பெரும்பாலும் பேன்குரோமேட்டிக். நுனி இருக்கும் இடமே தெரியாமல் கறுப்போடு கலந்துவிட்டால் ஆர்த்தோ என்று சந்தேகப்படலாம். இறகு சுழலாமல் நிற்கும் படமாகப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

உங்கள் கோர்சேர் விஷயத்தில் ஃபிலிமைவிட ஃபில்டர்தான் அதிகம் விளையாடியிருக்கும். படத்தில் வானம் இருண்டு, மேகம் பஞ்சு பஞ்சாக எடுப்பாக நிற்கிறதா? அப்படியென்றால் புகைப்படக்காரர் மஞ்சள், ஆரஞ்சு, அல்லது சிவப்பு ஃபில்டர் போட்டிருக்கிறார். வானத்தின் நீலத்தை இருட்டாக்கும் அதே கண்ணாடி விமானத்தின் நீலத்தையும் இருட்டாக்கும். கோர்சேருக்கு மேலே பளபளப்பில்லாத கடல் நீலம், பக்கங்களில் இடைநீலம், அடியில் வெள்ளை. ஃபில்டர் போட்ட படத்தில் இரண்டு நீலங்களும் நெருங்கிவந்து விமானமே ஒரே கரு நிறத்தில் பூசியதுபோல ஆகிவிடும். உங்களுடைய "கிட்டத்தட்ட கறுப்பு" படத்தில் வானத்தை மறுபடி பாருங்கள்.

வெளுத்துத் தெரியும் படத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பெயின்ட் நிஜமாகவே வெளுத்திருக்கும், இல்லையென்றால் வானத்தின் வெளிச்சம் இறக்கையில் பட்டு கேமராவுக்குள் போயிருக்கும். மேட் பெயின்ட் என்றாலும் சாய்ந்த கோணத்தில் பார்த்தால் ஒரு வெண்பூச்சு தெரியும். இதைப் பிரித்தறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இறக்கைமேல் உள்ள நட்சத்திரச் சின்னத்தின் நீல வட்டத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள பெயின்ட்டும் வட்டமும் சேர்ந்தே வெளிறியிருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. சுற்றுப்புறம் வெளிறி, சின்னத்தின் நீலம் மட்டும் ஆழமாக நின்றால் வெயில் நிஜமாகவே கடல் நீலத்தைத் தின்றிருக்கிறது. நான் வெளுப்பின் அளவை முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

சின்னம் தேதியையும் சொல்லும். 1942 மே மாதத்தில் அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை நீக்க உத்தரவு வந்தது. 1943 ஜூன் இறுதியில் இருபுறமும் வெள்ளைப் பட்டைகளும் சுற்றிச் சிவப்பு ஓரமும் சேர்ந்தன. பசிபிக்கில் ஜப்பானியச் சிவப்போடு குழம்பும் என்பதால் ஆகஸ்டிலேயே சிவப்பு ஓரத்தை நீலமாக்கச் சொன்னார்கள். களத்தில் இருந்த விமானங்களில் இந்த மாற்றங்களைத் தூரிகையும் ஸ்ப்ரேயும் வைத்து அங்கேயே செய்தார்கள். அதனால் பழைய வட்டத்தின் நீலம் வெளுத்தும், பிறகு சேர்த்த ஓரத்தின் நீலம் கருத்தும் இருக்கும். பட்டையைச் சுற்றி புதுக் கடல் நீலம் திட்டாகத் தெரியும் படங்களும் உண்டு. டெக்காலை, அதாவது அச்சிட்டு வரும் ஒட்டுச் சின்னத்தை, ஒட்டி முடித்ததோடு நின்றுவிட்டால் இந்த வித்தியாசம் மாடலில் வராது. நான் சின்னத்தை ஸ்டென்சில் வைத்து இரண்டு நீலங்களில் தெளிப்பேன். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் மாடலை முதலில் பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும்.

அடுத்தது படத்தின் தரம். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு ஸ்பிட்ஃபயர் படத்தில் இறக்கை முழுக்க சிறு வெள்ளைப் புள்ளிகள். பெயின்ட் உதிர்ந்து அலுமினியம் எட்டிப்பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். பிறகு அதே படத்தின் பெரிய ஸ்கேன் கிடைத்தது. உருப்பெருக்கிப் பார்த்தபோது புள்ளிகள் இறக்கையின் ஓரத்தைத் தாண்டி, பின்னால் இருந்த புல்தரையிலும் அதே அளவில், அதே அடர்த்தியில் தொடர்ந்தன. ஒன்று பாதி இறக்கைமேலும் பாதி புல்மேலும் இருந்தது. நெகட்டிவில் ஒட்டியிருந்த தூசி! அன்றிலிருந்து எந்தத் தடத்தையும் முதலில் அதன் ஓரம் வரை பின்தொடர்வேன். விமானத்தின் எல்லையில் நிற்கிறதா, வெளியே போகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இணையத்தில் சுற்றிவரும் படங்கள் பெரும்பாலும் பலமுறை நகலெடுத்து, கான்ட்ராஸ்ட் ஏற்றியவை. நடுத்தரச் சாம்பல்கள் காணாமல்போய், மெல்லிய கறைகூட தார் கொட்டியதுபோலத் தெரியும். முடிந்தவரை மூல ஆவணக் காப்பகத்தின் பிரதிக்குப் போங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் 80-ஜி என்ற தொகுப்பு கடற்படைப் படங்கள், கோர்சேருக்கு அதுதான் சுரங்கம். பிரிட்டிஷ் விமானங்களுக்கு லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், பசிபிக் களத்துக்கு ஆஸ்திரேலியப் போர் நினைவகம், ஜெர்மன் விமானங்களுக்கு ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம். பிந்தையதில் பிரசாரப் படைப்பிரிவுகள் எடுத்த படங்கள் ஏராளம். அவர்கள் எதைக் காட்ட விரும்பினார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவற்றைப் பார்க்க வேண்டும்.

காட்ட விரும்புவது என்றதும் கோர்சேர் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு படம் நினைவுக்கு வரும். அமெரிக்க மரைன் விமானி 'பாப்பி' பாயிங்டன் 86 எண் போட்ட விமானத்தின் காக்பிட்டில், வரிசையாக ஜப்பானியக் கொடிகள் ஒட்டிய பக்கத்தோடு இருப்பார். 1943 நவம்பரில் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் செய்தியாளர்களுக்காக ஏற்பாடு செய்து எடுத்த படம் அது. அவர் அந்த விமானத்தில் போருக்குப் போனவர் இல்லை. அவருடைய படைப்பிரிவில் விமானிகளுக்கென்று தனி விமானம் கிடையாது, அன்றைக்கு எது தயாராக இருந்ததோ அதில் ஏறிப் பறந்தார்கள். அந்த மாடலைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. செய்தால் அது விளம்பரப் படத்தின் மாடல் என்ற தெளிவோடு செய்ய வேண்டும், போர்முனை அழுக்கை அதன்மேல் ஏற்றக் கூடாது.

நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்ட படங்களும் நிறைய உண்டு. எழுத்தோ எண்ணோ தெரிந்தால் உடனே பிடிபடும். தெரியாவிட்டால் இயந்திரத்தின் சமச்சீரற்ற பாகங்களைத் தேடுங்கள். ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப வகைகளில் பெரிய ரேடியேட்டர் வலது இறக்கையின் அடியில், சின்ன எண்ணெய்க் குளிர்விப்பான் இடது இறக்கையின் அடியில் இருக்கும். காக்பிட் கதவு இடப்பக்கம். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ல் சூப்பர்சார்ஜரின் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவியின்) காற்றுவாய் இடப்பக்கம், காக்பிட் மூடி வலப்பக்கமாகத் திறக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், விமானி ஏறி ஏறித் தேய்த்த தடம் தவறான இறக்கைக்குப் போய்விடும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, பெயின்ட் உதிர்வு. அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்: பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருந்தது? மாடல்களில் நான் பார்க்கும் பெரிய பிழைகள் எல்லாமே இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை. பிரிட்டனின் மாஸ்கிட்டோ மர விமானம். பால்சாவும் பிளைவுட்டும் ஒட்டிச் செய்த உடல். அதன் இறக்கையில் வெள்ளிப் புள்ளி வைத்தால் அது உலகத்தில் இல்லாத விமானம். ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தியது. துணியில் அலுமினியம் தெரியாது. பிற்காலத்து அமெரிக்க பி-51 மஸ்டாங்குகள் பலவற்றின் உடல் பெயின்ட் இல்லாத உலோகம், ஆனால் இறக்கையை அப்படி விடவில்லை. காற்று வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளி நிற லாக்கர் பூசினார்கள். நல்ல படத்தில் உடல் கண்ணாடிபோலப் பிரதிபலிக்க, இறக்கை ஒரே சீராக மந்தமாக இருப்பது தெரியும். அதில் பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் கோடுகளை) கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட், ஊற்றி எடுத்துக்காட்டுவது படத்துக்கு நேர் எதிர். ஜப்பானியத் தரைப்படையின் கி-61 போர் விமானம் போன்றவை இன்னொரு வகை. பல விமானங்கள் வெறும் உலோகமாக வந்து, களத்தில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமலே பச்சை தெளிக்கப்பட்டன. அதனால் தோல் உரிவதுபோல ஏடு ஏடாகக் கழன்றது. அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடு கோர்சேருக்கு வந்தால் நிச்சயம் மிகையாகிவிடும்.

கோர்சேரில் உடலும், இறக்கையின் நடுப்பகுதியும், வெளி இறக்கையின் முன்பாதியும் உலோகம். வெளி இறக்கையில் முதன்மைச் சட்டத்துக்குப் பின்னால் இருப்பது துணி. வாலில் அசையும் பலகைகளான எலிவேட்டரும் ரடரும் துணி. இறக்கையின் பின்னோரத்தில் அசையும் எய்லரான் பிளைவுட். ஆக, இறக்கை மடியும் இடத்துக்கு வெளியே, பின்பாதியில், வெள்ளிப் புள்ளி ஒன்றுகூட வரக் கூடாது. அங்கே வர வேண்டியது வேறு. துணிமேல் பூசிய டோப் என்ற இறுக்கும் பூச்சும் உலோகத்தின்மேல் பூசிய பெயின்ட்டும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஒரே நீலமாகப் புறப்பட்ட இறக்கை, சில மாத வெயிலுக்குப் பிறகு சட்டத்தின் கோட்டில் இரண்டு சாயல்களாகப் பிரியலாம். பி-17 குண்டுவீச்சு விமானங்களின் ஆலிவ் பச்சையில் ரடரும் எலிவேட்டரும் தனியாகத் தெரிவதும் இதனால்தான். உங்கள் படங்களில் வெளி இறக்கையின் மேற்பரப்பு தெரிந்தால் இந்தக் கோட்டைத் தேடுங்கள்.

உலோகப் பகுதியிலும் உதிர்வின் இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். நீலத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மஞ்சள்-பச்சைச் சாயலுள்ள சிங்க் குரோமேட் ப்ரைமர் இருக்கிறது. கால் தேய்த்த இடத்தில் முதலில் நீலம் மெலிந்து, பிறகு ப்ரைமர் எட்டிப்பார்த்து, அதிகம் மிதிபட்ட நடுப்பகுதியில் மட்டும் உலோகம் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய இடத்திலோ நேரடியாக உலோகக் கீறல்தான். கறுப்பு வெள்ளையில் ப்ரைமர் நடுச் சாம்பலாகவும் உலோகம் சில கோணங்களில் வெள்ளையாகவும் சில கோணங்களில் கறுப்பாகவும் விழும். வெற்று உலோகம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். அதனால் இறக்கை வேரில் தெரியும் கருந்திட்டு அழுக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 1/48ல் நீங்கள் வைக்கும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர். உள்ளங்கையில் பாதி அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்தது என்று அர்த்தம். படத்தில் பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்கின் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உதிர்வுகளில் பெரும்பாலானவை விரல்நுனி அளவுகூட இருக்காது. அதாவது மாடலில் கால் மில்லிமீட்டருக்கும் கீழே. தூரிகையால் அது சுலபமில்லை. கூர்மையாகச் சீவிய வெள்ளிப் பென்சிலால் லேசாகத் தொட்டால் வரும். பஞ்சைக் கிள்ளி, பெயின்ட்டில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு ஒற்றினாலும் வரும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: வழிந்த தடங்கள். கோர்சேரில் எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே 237 அமெரிக்க காலன் பெட்ரோல் பிடிக்கும் பிரதான தொட்டி. அதன் மேலுள்ள பலகைகளின் இடுக்கில் கசிந்த பெட்ரோல் விண்ட்ஸ்கிரீனில் தெறித்துப் பார்வையை மறைத்தது. களத்தில் இருந்தவர்கள் அந்த இடுக்குகளின்மேல் வெள்ளை டேப் ஒட்டினார்கள். படங்களில் காக்பிட்டுக்கு முன்னால் கட்டம் கட்டமாகத் தெரியும் வெள்ளைக் கோடுகள் அவைதான். மாடலில் அதை நேர்த்தியான கோடாகப் போடாதீர்கள். உருப்பெருக்கிப் பாருங்கள்: ஒரு துண்டின் முனை தூக்கிக்கொண்டிருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரத்தில் அழுக்குப் பிடித்திருக்கும். புதுத் துண்டு பளிச்சென்றும் பழையது பழுப்பேறியும் இருக்கும்.

அந்தத் தொட்டியை நிரப்பும்போது சிந்திய பெட்ரோல் எந்தத் திசையில் ஓடும்? விமானம் தரையில் வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கி நிற்கிறது. பெட்ரோல் பூமியை நோக்கி நேர்செங்குத்தாக வழியும். ஆகவே பறக்கும் நிலையில் விமானத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் தடம் பேனல் கோடுகளுக்கு இணையாக இல்லாமல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பறக்கும்போது கசிந்த எண்ணெயோ காற்றின் போக்கில் ஏறக்குறைய நேராகப் பின்னால் இழுபடும். இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் படங்களைப் பார்த்திருக்கிறேன். தரைத் தடம் ஒரு கோணம், வான் தடம் ஒரு கோணம். மாடலைச் சக்கரங்களில் நிறுத்திவைத்து, எண்ணெய் வண்ணத்தில் நனைத்த தூரிகையை மேசைக்குச் செங்குத்தாக இழுத்தால் முதல் வகை தானாகவே சரியாக வந்துவிடும். இன்னொன்று, பெட்ரோல் எப்போதும் கறையைச் சேர்ப்பதில்லை. வெளுத்துத் தூசி படிந்த மேற்பரப்பைக் கழுவி, அடியிலிருக்கும் கரும் நீலத்தை வெளிக்கொண்டுவரவும் செய்யும். அப்படிப்பட்ட இடத்தில் கறுப்பு தேவையில்லை, ஆரம்ப நீலமே போதும்.

புகைக்கறையிலும் கண்ணை மூடிக்கொண்டு கறுப்புக்குப் போகாதீர்கள். எரிபொருள் செறிந்த கலவையில் எஞ்சின் கரும்புகை கக்கும். நீண்ட தூரம் சிக்கனமாகப் பறக்கும்போது கலவை மெலியும், அப்போது பெட்ரோலில் சேர்த்திருந்த ஈயம் வெளிறிய சாம்பல்-பழுப்பாகப் படியும். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லாங்காஸ்டரின் இறக்கைகளின் மேற்புறத்தில் எஞ்சின்களுக்குப் பின்னால் ஓடும் பட்டைகளைப் பாருங்கள்: நடுவில் வெளிறிய சாம்பல், இரு ஓரங்களிலும் கருமை. கோர்சேரில் புகைக்குழாய்கள் உடலின் அடிப்பக்கமாக முடிவதால் கறை இறக்கை வேருக்குக் கீழேயும் வயிற்றிலும்தான் கனமாக இருக்கும். வெள்ளை வயிறு என்பதால் 18 சிலிண்டர் எஞ்சின் கக்கிய எண்ணெய் முழுக்க அங்கே தெரியும். அடிப்பக்கம் தெரியும் படங்கள் குறைவு என்பதால் பலர் அதைச் சுத்தமாக விட்டுவிடுகிறார்கள். சக்கரத்தின் அருகே குந்தியிருக்கும் மெக்கானிக் படம் ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தூசியைப் பொறுத்தவரை, அந்தத் தீவுகளின் ஓடுதளங்கள் பல, பவளப் பாறையைப் பொடித்துப் பரப்பியவை. மழைச்சேறு இல்லாத இடங்களில் டயர்களிலும் இறக்கையின் அடியிலும் படிவது வெளிர் வெண்தூசி. செம்மண் நிறம் வேண்டாம். புரொப்பெல்லர் கிளப்பிய பவளத் துகள் இறகுகளின் முன்னோரத்தையும் வாலின் முன்னோரத்தையும் உப்புத்தாள்போல அராவும். கறுப்பு இறகின் நுனியருகே உலோகம் தெரிவது அதனால்தான்.

எவ்வளவு வெளுக்க வைப்பது என்பதற்கு விமானத்தின் வயதும் ஒரு பதில். எல்லா விமானமும் கிழவனாகும்வரை பறக்கவில்லை. லாங்காஸ்டர் 7,377 கட்டினார்கள், ஏறக்குறைய பாதி திரும்பவே இல்லை. நூறு தடவைக்கு மேல் போய்வந்தவை 35 மட்டும். நூறு குண்டுச் சின்னங்கள் வரைந்த மூக்கைத்தான் புகைப்படக்காரர்கள் தேடிப்போய் எடுத்தார்கள் என்பதால் நம் கண்ணுக்குக் கிழட்டு விமானங்களே அதிகம் தெரிகின்றன. உங்கள் விமானம் களத்துக்கு எப்போது வந்தது, படம் எப்போது எடுத்தது என்று தெரிந்தால், இடைப்பட்ட வாரங்களுக்குத் தகுந்த வெளுப்பு மட்டும் போதும். கப்பலில் இருந்த விமானங்களை உப்பு அரிக்காமல் அடிக்கடி கழுவினார்கள், தீவில் நின்றவற்றுக்கு அந்த வசதி குறைவு. இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நிறத்துக்கு அந்தக் காலத்துக் கலர் படங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை பொக்கிஷம். கோடக்குரோம் ஸ்லைடுகள் இருட்டில் பாதுகாத்தால் நிறம் நன்றாக நிற்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 1939 முதல் 1944 வரை அரசு எடுத்த சுமார் 1,600 கலர் படங்கள் உள்ளன, ஆல்ஃபிரட் பால்மர் விமானத் தொழிற்சாலைகளில் எடுத்தவையும் அதில் அடக்கம். ஆனால் தொழிற்சாலைப் படத்தில் விளக்கு போட்டிருப்பார்கள், விமானம் புத்தம்புதிது. அது உங்கள் அடிப்பூச்சுக்குச் சாட்சி, வெயிலில் நின்ற பூச்சுக்கு இல்லை. ஜெர்மன் அக்ஃபாகலர் படங்களில் நிறம் நாளாக நாளாகப் பெயர்ந்திருக்கும். எந்தக் கலர் படத்திலும் முதலில் மேகத்தையும் வெள்ளைச் சட்டையையும் பாருங்கள். வெள்ளை நீலமாகியிருந்தால் எல்லாமே நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்த அளவு மனதுக்குள் கழித்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையாக எடுத்து இப்போது கணினியில் கலர் ஏற்றிய படங்களை நிறத்துக்குத் தொடவே தொடாதீர்கள். அதிலிருப்பது வேறு யாரோ ஊகித்த நீலம். அருங்காட்சியகத்தில் புதுப்பித்து நிற்கும் விமானங்களும் வடிவத்துக்கு நல்லவை, தேய்மானத்துக்கு உதவாது.

அவசரமாகப் பூசியதை அவசரமாகவே காட்ட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நார்மண்டி தரையிறக்கத்து மாடல்களில் இது தவறாமல் தவறுகிறது. 1944 ஜூன் 6க்கு முந்தைய ஓரிரு நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை, பல இடங்களில் தூரிகையாலேயே, பூசினார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒரு பட்டை 18 அங்குலம், 1/48ல் ஒன்பதரை மில்லிமீட்டர். படங்களில் ஓரம் நெளிந்திருக்கும், கறுப்புக்குள் வெள்ளை தெரியும். அங்கே கத்திபோல் நேரான விளிம்பு விதிவிலக்குதான்.

நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தேர்ந்தெடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே ஒரு டிரேசிங் தாளை வைப்பேன். காரணம் தெரிந்த தடங்களைப் பச்சைப் பேனாவாலும், சந்தேகமானவற்றை நீலத்தாலும், நிழல், பிரதிபலிப்பு, தூசி, தணிக்கையாளர் அழித்த இடம் ஆகியவற்றைச் சிவப்பாலும் வரைவேன். பிறகு படத்தை எடுத்துவிட்டு டிரேசிங் தாளை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டு தீட்டுவேன். படமே எதிரில் இருந்தால் கை தன்னையறியாமல் நிழலையும் சேர்த்துத் தீட்டிவிடும். ஒரு பக்கம் மட்டுமே தெரியும் படம் என்றால் மறுபக்கத்துக்கு அதே தடங்களைக் கண்ணாடிப் பிம்பமாக வரையாதீர்கள். கசிவும் கீறலும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். பொதுவான காரணங்களை, அதாவது வெயில், புகை, தூசி ஆகியவற்றை மட்டும் அங்கே கொண்டுபோங்கள்.

வெளுப்புக்கு வெறும் வெள்ளையைக் கலக்காதீர்கள், குழந்தைச் சட்டை நீலம் வந்துவிடும். வெளிர் சாம்பலும் ஒரு துளி மணல் நிறமும் கலந்து, மிக நீர்த்த கலவையாக ஏர்பிரஷில் மேகம் மேகமாக, மேற்பரப்புகளில் அதிகமும் பக்கங்களில் குறைவாகவும் தெளியுங்கள். அதற்குப் பிறகு உதிர்வு, அதற்குப் பிறகு எண்ணெய், கடைசியில் புகையும் தூசியும். எது முதலில் நடந்ததோ அதை முதலில் தீட்டுவது என்பதுதான் வரிசை. டேப்பை எண்ணெய்க்கு முன்னால் ஒட்டிவிடுங்கள், அப்போதுதான் அதன் ஓரத்தில் அழுக்கு தானாகப் பிடிக்கும்.

உங்கள் நான்கு படங்களையும் மேசைமேல் பரப்பி, விமான எண் தெளிவாகத் தெரிவதாகவும், வெயில் பக்கவாட்டில் விழுவதாகவும் உள்ள ஒன்றை எடுங்கள். மாடல் அந்த விமானத்தின் அந்த நாள். மற்ற மூன்றும் கலந்து பூசுவதற்கு இல்லை, சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்ப்பதற்கு. கறுப்பாகத் தெரியும் படத்தில் விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் டேப் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கரும் பின்னணியில்தான் அதன் அமைப்பு துல்லியமாகத் தெரியும். நானாக இருந்தால் டிரேசிங் தாளில் முதல் கோட்டை அங்கிருந்துதான் போடுவேன்.